எடைக்கு எடை சர்க்கரை

வள்ளியாத்தாள் சாமியோடு பேரம் பேசுவதில் கெட்டிக்காரி. எருமை சினை பிடிக்கவில்லையென்றால் கரட்டு முருகனுக்கு ஒரு வெண்கல மணி. மகன் சுப்பையன் எஸ்.எஸ்.எல்.சி. தேறவேண்டுமென்றால் ஒரு மொட்டை, மொட்டை சுப்பையனுக்கு. புருஷன் செங்கோட்டையனுடைய மூலம் குணமாகவேண்டுமென்றால் கோயிலைச் சுற்றி அங்கப்பிரதட்சணம், உருண்டது செங்கோட்டையன். எந்த வேண்டுதலையும் அவள் நிறைவேற்றாமல் விட்டதில்லை. எந்த வேண்டுதலிலும் அவளுடைய தலைமுடி ஒன்றுகூட உதிர்ந்ததில்லை.

கரட்டு முருகனும் நாணயமானவர்தான். மோகனூர்ப் பக்கம் கரும்புக் காடுகளுக்கு நடுவே ஒரு மொட்டைப் பாறைமேல் நின்றுகொண்டு, கேட்டதில் பாதியையாவது கொடுத்துவிடுவார். மீதிப் பாதிக்கு வள்ளியாத்தாள் வீட்டு ஆட்களைத்தான் திட்டுவாள். அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதனால், எழுபத்தெட்டாம் வருஷம் ஆவணியில், ஏழு மாதக் கர்ப்பமாக இருந்த மருமகள் சௌந்திரத்துக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சேலம் அஸ்தம்பட்டியில் டாக்டர் இசபெல்லா சொன்னபோது, வள்ளியாத்தாள் பதறவில்லை. கரும்பு வெளையற ஊட்டுல சர்க்கரை இல்லாம உப்பா இருக்கும் என்று கேட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. கர்ப்பத்தில் சிலருக்கு இப்படி வரும், வயிற்றுப் பிள்ளை அளவுக்குமேல் பெருத்துவிடும், பிரசவம் சிக்கலாகும் என்றார். சோற்றைக் குறைக்கச் சொன்னார். கரும்புச்சாறு, வெல்லம், காப்பிச் சர்க்கரை எல்லாவற்றுக்கும் தடை போட்டார். வள்ளியாத்தாள் கேட்டுக்கொண்டாள். நாமக்கல் பஸ்ஸில் உட்கார்ந்ததும், இனி ஆகவேண்டியதை அவளே முடிவுசெய்தாள்.

மரு உதிர என்ன செய்கிறோம்? கோயிலில் உப்புக் கொட்டுகிறோம். கட்டி கரைய? தெப்பக்குளத்தில் வெல்லம் போடுகிறோம். அப்படியானால் சர்க்கரை போக?

"சர்க்கரைதான்," என்றாள் வள்ளியாத்தாள். "உன்ற எடைக்கு எடை சர்க்கரை குடுக்கறேன்னு கரட்டு முருகன்கிட்டச் சொல்லிப்போட்டேன் அம்மணி. நீ நிம்மதியா இரு."

சௌந்திரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பி.எஸ்சி. வேதியியல். கல்யாணப் பத்திரிகையில் அதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பட்டத்துக்கு அந்த வீட்டில் வேலை வந்ததில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்கிற பெண். மாமியாருடைய கணக்கில் எங்கே பிழை என்று அவளுக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

சொல்லாவிட்டாலும் பயம் இருந்தது. எடப்பாடியில் அவளுடைய அம்மா ஆத்தாயி பெற்ற பிள்ளைகள் எல்லாம் பூசணிக்காய் பூசணிக்காயாக இருந்தார்கள். ஊரே மெச்சியது. நாற்பது வயது தாண்டியதும் அம்மாவுக்குக் கால்விரலில் ஒரு புண் வந்தது. அது ஆறவேயில்லை. சர்க்கரை என்று கண்டுபிடித்த டாக்டர் அதே மூச்சில் காலை எடுக்கவேண்டும் என்றார். வந்த காலோடுதான் போவேன் என்று அம்மா சொன்னாள். அப்படியே போய்விட்டாள்.

டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயும், ஒரு ஸ்பிரிட் விளக்கும், பெனடிக்ட் கரைசல் ஒரு புட்டியும் கொடுத்திருந்தார். நீல நிறக் கரைசலில் சில சொட்டு மூத்திரம் விட்டுக் கொதிக்கவைக்கவேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறத்துக்குப் போனால் ஏகத்துக்கு இருக்கிறது. கல்லூரியில் சௌந்திரம் நூறு முறை செய்த சோதனை. ஆனால் சமையலறையில் அதை வைத்துக் கொதிக்கவிட வள்ளியாத்தாள் சம்மதிக்கவில்லை. மாடு கட்டுகிற கட்டுத்தரைக்குத் துரத்தினாள். அங்கே ஏற்கெனவே அந்தச் சங்கதி நிறைய இருக்கிறது, இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் தெரியாது என்றாள்.

முதல் நாள் குழாய் செங்கல் நிறமானது. பால் கறந்துகொண்டிருந்த செங்கோட்டையன் செம்பை வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு அது ரொம்பப் பழக்கமான விஷயமாகப் பட்டது. சர்க்கரை ஆலையிலும் இப்படித்தான் கரும்புச்சாற்றை எடுத்து ஏதோ குழாயில் ஊற்றிப் பார்த்து, உங்கள் காட்டுக் கரும்பில் கிடைக்கிற சர்க்கரை, அதாவது ரெகவரி, இவ்வளவுதான் என்று உதட்டைப் பிதுக்குவார்கள்.

"ஆலைக்காரன் நம்ம கரும்புல சத்தே இல்லீங்கறான்," என்றார் செங்கோட்டையன். "இதக் கொண்டுபோயிக் காட்டோணும் சாமி."

அன்றிலிருந்து தினமும் ரெகவரி கேட்பது அவர் வேலையாயிற்று. சௌந்திரம் வாய் திறக்கமாட்டாள். குழாயைத் தூக்கிக் காட்டுவாள். மஞ்சளாக இருந்தால் அவர் திருப்தியாகத் தலையாட்டுவார். பச்சைக்கு வந்ததும் மகசூல் விழுந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்வார். அளந்து சாப்பிட்டு, வாய்க்கால் வரப்பில் நடந்து, சௌந்திரம் மெல்ல மெல்லப் பச்சைக்கு வந்து சேர்ந்தாள்.

ஐப்பசியில் டாக்டர் இசபெல்லாவிடமே பிரசவம் ஆனது. பெண் குழந்தை. நாலு கிலோவுக்கு மேலே. பார்க்க வந்தவர்கள் எல்லாம் பிறந்த குழந்தையா, ஆறு மாதக் குழந்தையா என்று கேட்டார்கள். வள்ளியாத்தாள் அந்தப் பெருமையைத் தன் கைப்பக்குவத்தின் பேரில் எழுதிக்கொண்டாள். வசந்தாமணி என்று பேர் வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் குழாய் நீலமாக இருந்தது. மறுநாளும் நீலம். செங்கோட்டையன் உச்சுக்கொட்டினார். வள்ளியாத்தாள் கரட்டு முருகன் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையோடு பிரசவ லேகியம் கிண்ட ஆரம்பித்தாள். கருப்பட்டியும் நெய்யும் சரிக்குச் சரி. சௌந்திரம் தயங்கியபோது, சாமியே தடையை எடுத்துவிட்டது, நீ யார் நடுவில் என்று கேட்டு, உருண்டை உருண்டையாக வாயில் போட்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து டாக்டர் வரச்சொல்லியிருந்தார். ரத்தத்தில் பார்த்தார். சரியாக இருந்தது. வள்ளியாத்தாள் எழுந்துவிட்டாள். டாக்டர் அவளை உட்காரச் சொன்னார்.

"போயிடுச்சுன்னு நினைக்காதீங்கம்மா. வெளியூர் போயிருக்கு. அதுக்கு இந்த வீட்டு வழி தெரியும்," என்றார். பிறகு சௌந்திரத்தைப் பார்த்து, இப்படிக் கர்ப்பத்தில் வந்தவர்களில் பலருக்குச் சில வருஷம் கழித்துச் சத்தமில்லாமல் திரும்பி வருகிறது, வருஷத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் ஒருதரமும் சாப்பிட்டு ஒருதரமும் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடவேண்டும் என்றார். அவளுடைய அம்மாவைப் பற்றி முதலிலேயே தனியாக விசாரித்து வைத்திருந்தவர், வருஷம் தவறக்கூடாது என்று இன்னொருமுறையும் சொன்னார்.

வீட்டில் அந்தப் பேச்சு எடுபடவில்லை. வருகிற தைப்பூசத்தில் துலாபாரம். சர்க்கரை கொடுத்துவிட்டால் நோய் தீர்ந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகும் போய் ரத்தம் பார்த்தால் என்ன அர்த்தம்?

"கெடா வெட்டின பொறவு தலை நெசமாவே தனியா வந்துருச்சான்னு ஒட்டிப் பாப்பாங்களா?" என்று வள்ளியாத்தாள் கேட்டாள். "சாமியச் சந்தேகப்பட்டா, குடுத்தத அவரு திருப்பி எடுத்துக்குவாரு. இனிமே சேலமும் இல்ல, ஊசியும் இல்ல."

சௌந்திரம் புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். சுப்பையன் நல்லவன். அம்மாவின் வேண்டுதலுக்காக நாலு முறை மொட்டை போட்டவன். நீ சொல்றதும் சரிதான் புள்ள, அம்மா சொல்றதும் சரிதான் என்றான். இரண்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்டாள். அதான் எனக்கும் தெரியலை என்று சொல்லிவிட்டு மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றப் போனான்.

குழந்தைக்குச் சளி என்று சொல்லிச் சௌந்திரம் ஒருமுறை துலாபார நாளைத் தள்ளப் பார்த்தாள். வள்ளியாத்தாள் குழந்தைக்கும் சேர்த்து ஒரு மணி வேண்டிக்கொண்டாள். சளி போய்விட்டது.

தைப்பூசத்தன்று இன்னொரு சிக்கல் வந்தது. கோயிலில் இருந்த தராசு குழந்தைகளுக்கானது. பெரிய மனுஷியை நிறுக்க வழியில்லை. செங்கோட்டையன் ஒரு யோசனை சொன்னார். ஆலை எடைமேடையில் மருமகளை மாட்டுவண்டியோடு நிறுத்தி, பிறகு வண்டியையும் மாட்டையும் கழித்துவிடலாம். மாடு அதற்குள் சாணி போட்டால் கணக்கு உதைக்கும் என்று சுப்பையன் சொன்னான். கடைசியில் வெல்ல மண்டியிலிருந்து பெரிய தராசைக் கொண்டுவந்து, கரட்டு அடிவாரத்துப் புளியமரத்தில் கட்டினார்கள். ஒரு தட்டுக்குச் சிவப்புச் சேலை சுற்றினார்கள். பார்க்க ஊரே திரண்டுவிட்டது.

சௌந்திரம் தட்டில் உட்கார்ந்தாள். தட்டு தரையில் இறங்கியது. கோயில் பண்டாரம் சென்னியப்பன் எதிர்த் தட்டில் சர்க்கரையைக் கொட்ட ஆரம்பித்தார். அரை மூட்டை போனது. தட்டு அசையவில்லை. கொண்டுவந்ததெல்லாம் போனது. சௌந்திரம் இன்னும் தரையில்தான் இருந்தாள்.

வள்ளியாத்தாள் கல்யாணத்தின்போது மருமகள் இருந்த எடைக்குச் சர்க்கரை வாங்கியிருந்தாள். நடுவில் தன் லேகியம் செய்திருந்த வேலையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வளையலைக் கழற்றச் சொன்னாள். கழற்றினாள். கொலுசைக் கழற்றச் சொன்னாள். பலன் இல்லை. மூச்சை வெளியே விடு என்று காதோடு சொன்னாள். சௌந்திரம் விட்டாள். யாரோ ஒரு கிழவர், பிள்ளை பெத்த உடம்பா, பிள்ளை இன்னும் உள்ளே இருக்குதா என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. செங்கோட்டையன் எங்கேயோ ஓடினார்.

பண்டாரம் சென்னியப்பன் நெற்றியைச் சுருக்கினார். துலாபாரம் நிலைக்கு வராவிட்டால் சாமிக்கு ஏதோ குறை என்று அந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. சொல்லிவிட்டு மறந்த வேண்டுதல் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். அவர் வள்ளியாத்தாளைத்தான் கேட்டார். வள்ளியாத்தாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றாள்.

சௌந்திரம் தரையில் கிடந்த தட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். இந்தத் தட்டு மேலே ஏறிவிட்டால் எல்லாம் முடிந்தது. அதன்பிறகு யாரும் பார்க்கமாட்டார்கள், யாரும் கேட்கமாட்டார்கள். ஒருநாள் கால்விரலில் புண் வரும். வசந்தாமணி அப்போது பள்ளிக்கூடத்தில் இருப்பாள்.

"ஒண்ணு இருக்குதுங்க," என்றாள் சௌந்திரம்.

அவளுடைய குரலை அந்த ஊரில் பாதிப்பேர் அன்றைக்குத்தான் கேட்டார்கள்.

"நானும் வேண்டிக்கிட்டேனுங்க. வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு முன்னாடி சாமிக்கு ரத்தம் குடுக்கறேன்னு."

பண்டாரம் ஓரடி பின்வாங்கினார். "அம்மணி, இது முருகன் கோயில். இங்கெ ரத்தமெல்லாம் ஆகாது."

"இங்கெ இல்லீங்க. அஸ்தம்பட்டியில."

கூட்டம் நெருங்கி வந்தது. ஆரம்பித்தாயிற்று, சௌந்திரம் நிறுத்தவில்லை. வெறும் வயிற்றோடு ஒருமுறை, சோறு தின்றபிறகு ஒருமுறை, கையில் ஊசி குத்தி எடுக்கிற ரத்தம் என்றாள். உயிர் இருக்கிறவரைக்கும் செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். இதை வீட்டில் சொல்லாததுதான் குறையாக இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

வள்ளியாத்தாள் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஊசியை எதிர்க்கலாம், டாக்டரை எதிர்க்கலாம். சாமிக்குச் சொன்ன வாக்கை எதிர்த்து அவள் பரம்பரையில் யாரும் பேசியதில்லை. நிறைவேற்றாத வேண்டுதல் ஒன்று தன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் அவளை உலுக்கியது.

"எப்ப வேண்டுன?" என்று கேட்டாள்.

"இங்கெ உக்காந்தப்பத்தானுங்க அத்தை," என்றாள் சௌந்திரம். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

அந்த நேரத்தில் செங்கோட்டையன் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். கோயில் மடப்பள்ளியில் பஞ்சாமிர்தத்துக்கு வைத்திருந்த வெல்லத்தை ஒரு கூடை தூக்கிவந்திருந்தார். யாரையும் கேட்காமல் சர்க்கரைமேல் கொட்டினார். சௌந்திரம் இருந்த தட்டு தரையை விட்டுக் கிளம்பியது. ஆடி, நின்றது.

மருமகளின் வாக்கைச் சாமி ஏற்றுக்கொண்டது என்று கூட்டம் சொன்னது. சாமியிடமிருந்து எடுத்த வெல்லத்தைச் சாமிக்கே கொடுத்தது செல்லுமா என்று பண்டாரம் முனகினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு சௌந்திரம் ஒருமுறைகூட வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. தை பிறந்தால் வள்ளியாத்தாளே துணிப்பையைத் தட்டி எடுத்துவைப்பாள். ஒரு வருஷம் அந்த நேரம் பார்த்துக் கரும்பை வெட்டச் சொல்லி ஆலையிலிருந்து ஆர்டர் வந்துவிட்டது. காட்டில் ஆள் நிற்கிறது. அடுத்த வாரம் போகலாம் என்று சௌந்திரமே சொன்னாள். கரும்பு நிக்கும், முருகன் நிக்கமாட்டார் என்று சொல்லி, வள்ளியாத்தாள் அவளைத் தண்ணீர்கூடக் குடிக்கவிடாமல் முதல் பஸ்ஸில் ஏற்றினாள்.

டாக்டர் இசபெல்லாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வள்ளியாத்தாள் தேங்காய், பழம், சூடத்தோடு வந்தாள். ராகுகாலம் முடியட்டும் என்று ஊசியை நிறுத்திவைத்தாள். மருமகள் கையில் திருநீறு பூசினாள். அப்படியே ஊசிக்கும் பூசப் போனாள். டாக்டர் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, கையில எவ்வளவு வேணுமானாலும் பூசுங்கம்மா, ஊசியை மட்டும் விட்டுடுங்க என்றார். தேங்காயை வாசல்படியில் உடைக்க அனுமதித்தார். உங்களுக்கும் ஒருதரம் பார்த்துவிடலாமே என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பார். வேண்டுதல் அவளுதுங்க என்று வள்ளியாத்தாள் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வாள்.

வசந்தாமணிக்கு ஐந்து வயது முடிந்த தையில் முடிவு வேறுமாதிரி வந்தது.

டாக்டர் சீட்டைச் சௌந்திரத்திடம் நீட்டினார். வெறும் வயிற்றிலும் கூடுதல், சாப்பிட்டபின்பும் கூடுதல். அதிகமாக ஏறவில்லை, ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம் என்றார். மாத்திரை ஒன்று, சாப்பாட்டில் கட்டுப்பாடு, தினமும் நடை, காலைக் கண்ணைப்போல் பார்த்துக்கொள்வது. இப்படி ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் தப்பித்தாய், பலபேர் புண்ணோடுதான் வருகிறார்கள் என்றார்.

சௌந்திரம் சீட்டை இரண்டுமுறை படித்தாள். பிறகு, வெகுநாளாக வாசலில் எதிர்பார்த்திருந்த ஆள் வந்துவிட்டதுபோல் ஓர் அமைதி வந்தது. அம்மாவுக்கு இது ஓசையில்லாமல் வந்தது. இவளுக்குக் கதவைத் தட்டிவிட்டு வந்திருக்கிறது.

நாமக்கல்லில் பஸ் மாறும்போது வள்ளியாத்தாள் டீ வேண்டாம் என்றாள். செங்கோட்டையன் வண்டி கட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்திருந்தார். ரெகவரி என்ன என்று கேட்க வாயெடுத்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். வண்டியைக் கரட்டுக்கு விடச் சொன்னாள் வள்ளியாத்தாள்.

பண்டாரம் நடை சாத்தப் போகிற நேரம். அவள் நேராகச் சன்னதி முன்னால் போய் நின்றாள். கும்பிடவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷ நாணயத்துக்கு இன்றோடு சரி என்று சௌந்திரம் நினைத்தாள்.

"உன்ற மேல தப்பில்ல," என்றாள் வள்ளியாத்தாள். "சர்க்கரை போகோணும்னு கேட்டேன். போச்சு. திரும்பி வரப்படாதுன்னு நான் கேக்கல. அது என்ற தப்பு."

சென்னியப்பன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இப்பத் தெளிவாச் சொல்றேன், கேட்டுக்கோ. சர்க்கரை இருந்துட்டுப் போகட்டும். அதுக்கு மாத்திரை இருக்குது. ஆனா இவ கண்ணத் தொடப்படாது. காலத் தொடப்படாது. ஆத்தாயி போனமாதிரி இவ போகப்படாது. இவ பேத்தி கல்யாணத்துல இவ சொந்தக் கால்ல நிக்கோணும்."

அம்மாவின் காலைப் பற்றிச் சௌந்திரம் அத்தையிடம் ஒருநாளும் பேசியதில்லை. பெண் பார்க்க வந்தபோதே விசாரித்து வைத்திருக்கவேண்டும். இத்தனை வருஷமும் அதை வைத்துக்கொண்டுதான் பஸ்ஸேறி வந்திருக்கிறாள்.

"காணிக்கை என்னங்க?" என்று பண்டாரம் கேட்டார். "மறுபடியும் சர்க்கரைங்களா?"

"சர்க்கரை பேச்சே வேண்டாம். குடுத்துக் குடுத்து அவருக்கும் வந்துரும். பாகக்காய். எடைக்கு எடை பாகக்காய்."

பண்டாரம் ஒருமுறை மூலவரைப் பார்த்தார். அத்தனை பாகற்காயையும் பிரசாதமாக வாங்கிக்கொள்ளப் போகிற ஊரை நினைத்தாரோ என்னவோ, எச்சில் விழுங்கிக்கொண்டார்.

"யாரு எடைக்குங்க?"

செங்கோட்டையன் சத்தமில்லாமல் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார். வள்ளியாத்தாள் அவரைத் தேடவில்லை. மருமகளையும் பார்க்கவில்லை.

"என்ற எடைக்கு," என்றாள்.

அந்தச் சுற்றுவட்டத்தில் வள்ளியாத்தாளைவிடக் கனமான பொம்பளை கிடையாது. சென்னியப்பன் அவளை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்துவிட்டு, படியில் உட்கார்ந்துவிட்டார். சௌந்திரத்துக்குச் சிரிப்பு வந்தது. சன்னதி என்று பார்க்காமல் சிரித்தாள்.

வள்ளியாத்தாள் திரும்பி, அவள் கையைப் பிடித்துப் படியிறக்கினாள். வண்டியில் ஏறச் சொன்ன செங்கோட்டையனை முன்னால் போகச் சொன்னாள். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், இவள் நடந்து வருவாள், கூட நானும் வருகிறேன் என்றாள். நாலு எட்டு வைத்ததும் நின்று, சன்னதி இருந்த பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"அடுத்த தைக்குத்தான் தருவேன். அதுக்குள்ள நானும் கொஞ்சம் எளைச்சுக்கறேன்."